ஒரே மூச்சில் முப்பத்திரண்டு பேர்

எட்டு மணி ஒரு நிமிடம்.

தினமும் எட்டு மணிக்குப் போடும் தேசிய கீதம் முடிந்து ஒலிபெருக்கி அணைந்தது. வெளிநோயாளிக் கூடத்தில் எழுந்து நின்றவர்கள் இன்னும் உட்காரவில்லை. அந்த ஒரு நொடி அமைதியில் ஒரு விசில் சத்தம் கேட்டது. மிக மெல்லியது. கொதி வருவதற்கு முன் கெட்டில் போடும் சத்தம்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் கைகளைத் தொடையோடு ஒட்டி, முகவாயை உயர்த்தி நின்றிருந்தார். சத்தம் அவருடைய நெஞ்சிலிருந்து வந்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. விசில் அதில் மறைந்துவிட்டது.

அவரை எனக்குத் தெரியும். லாங்சுவன் ஆற்றின் இரு கரையிலும் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. புத்த பிக்குகளின் மழைக்காலத் தவம் முடிந்த மறுநாள் தொடங்கும் படகுப் போட்டிக்கு இருபத்தாறு ஆண்டுகளாக வர்ணனை சொல்பவர். பெயர் தவின். அப்பாவைவிட மூத்தவர்களை லுங் என்று கூப்பிடுவோம்; அதனால் ஊருக்கே லுங் தவின். போட்டியன்று கரையில் நிற்பவர்களுக்குப் படகு தெரியாது. முன்னால் இருப்பவரின் குடைதான் தெரியும். எந்தப் படகு முந்துகிறது, எல்லைக் கொடியை யார் பிடுங்கினார்கள் என்பதெல்லாம் லுங் தவின் சொல்லித்தான் தெரியும். கடைசி இருநூறு மீட்டரில் அவர் மூச்சே விடுவதில்லை என்று பேர்.

மறுநாள் அவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. முந்தின நாள் நோயாளியைப் பார்த்து, மயக்கம் தாங்குவாரா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. மயக்கம் கொடுக்கும் செவிலியர். ஆனால் ஆஸ்பத்திரியில் சீருடை போட்ட எல்லோரும் எங்கள் ஊருக்கு மருத்துவர்தான். ‘மோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டக்காரரிடம்கூட ஒருமுறை மோ என்று சொல்லி மாத்திரை கேட்டிருக்கிறார்கள். நான் மோ ஜின்.

லுங் தவின் மனைவியோடு உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மெல்லிய மீசை. படிவத்தைத் தானே நிரப்பியிருந்தார். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் இல்லை. ஆஸ்துமா இல்லை. கோடுகள் நேராக இருந்தன.

“ஆஸ்துமா இல்லையா லுங்?”

“இல்ல.”

அதே முறையில் அவருடைய மனைவியைப் பா என்போம். பா சம்லி கைப்பையைத் திறந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, படிவத்தின் மேல் வைத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

அது அவர்கள் கிராமத்துச் சுகாதார நிலையத்தின் அட்டை. ஒன்பது ஆண்டுகளாக ஆஸ்துமாவுக்கு மருந்து வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு வரியிலும் ‘தினமும் ஒழுங்காக உபயோகிக்கிறார்’ என்று எழுதியிருந்தது. ஏழு விதமான கையெழுத்துகள்.

லுங் தவின் அட்டையை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். அது நெஞ்சுக்கு என்றும், அறுப்பதோ அடிவயிற்றில் என்றும், இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கிறது என்றும் விளக்கினார்.

நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இரண்டு பக்கமும் விசில். முதுகிலும் விசில். இரவில் எழுந்திருப்பதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார் அவர். இரண்டு தடவை என்றார் பா சம்லி. ஆற்றில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போவதாகச் சொல்லி ஜன்னலருகே உட்கார்ந்து இரைப்பாராம். ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது. பக்கத்து வீட்டுக் கோழிக்கூடுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சும்போன் நகரத்தில் மூன்று நாள் என்றார் பா சம்லி. ஊரில் கேட்டவர்களிடம் பாட்டுப் பறவைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பறவை ஜெயித்தது என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

“எதுக்கு லுங் மறைக்கணும்?”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நடைபாதையில் சரூன் நின்றிருந்தான். நோயாளிகளின் தள்ளுவண்டியைத் தள்ளுபவன். போட்டி நாட்களில் லுங்கின் ஊர்ப் படகில் அவன்தான் கொடிக்காரன். படகின் மூக்கு நுனியில் படுத்துக்கொண்டு எல்லைக் கொடியைப் பிடுங்குபவன். அவனுக்குத் தெரிந்தால் ஆற்றுக்கே தெரிந்த மாதிரி.

“நெஞ்சு பழுதுன்னு தெரிஞ்சா எவன் மோ மைக்கக் கொடுப்பான்?” என்றார். “கிட்டி வாத்தியார் ரெண்டு வருஷமா பக்கத்து நாற்காலியில உக்காந்து என் மூச்சத்தான் எண்ணிட்டிருக்கான்.”

கிட்டி வாத்தியார் இரண்டாவது வர்ணனையாளர். பள்ளியில் கணக்கு நடத்துபவர். அவர் வர்ணனை சொன்னால் படகுகள் நிதானமாகப் போவதைப் போல இருக்கும். லுங் ஊரில் இல்லாவிட்டால் முதல் மைக் அவருக்கு.

இதில் லுங் தவினுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. போன வருஷம் இறுதிப் போட்டியில் அவர் கத்தக் கத்தக் குடல் பிதுங்கியது. ஒரு கையில் மைக்கையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டே சொல்லி முடித்தார். ஜனங்கள் அதைப் புது பாணி என்று நினைத்தார்கள். கரையில் இருந்த சிறுவர்கள் அடுத்த நாள் அப்படியே செய்து காட்டினார்கள். இன்னொரு தடவை அப்படிக் கத்தினால் குடல் சிக்கிக்கொள்ளும் என்று அறுவை மருத்துவர் வசின் சொல்லிவிட்டார். அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் கத்தக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். லுங் நாள் கணக்குப் பார்த்து நாளைய தேதியை வாங்கியிருந்தார்.

“இன்ஹேலர் தினமும் போடுறீங்கதானே?”

“ஒரு நாள்கூட விட்டதில்ல.” பெருமையாகச் சொன்னார். உண்மையும்தான்.

“எப்படிப் போடுறீங்க? காட்டுங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்தார். குலுக்கினார். கதவைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார். ஒரு விரலால் வலது நாசியை அடைத்துக்கொண்டு இடது நாசிக்குள் வாய்ப்பகுதியைச் செருகி ஒரு அழுத்து. நாசி மாற்றி இன்னொரு அழுத்து. கண்ணில் நீர் வந்தது. மீசையைத் தடவிக்கொண்டு திரும்பினார்.

“நெஞ்சு அப்படியே திறந்துடுச்சு” என்றார்.

பா சம்லி காலண்டரில் செப்டம்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் நாட்டில் யாதோம் இல்லாத சட்டைப் பை கிடையாது. கற்பூரமும் புதினாவும் அடைத்த விரல் நீளக் குழல். பேருந்திலும் கோயிலிலும் வங்கியிலும் எல்லோரும் மூக்கில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். நானும்தான். வர்ணனை மேடையில் லுங் தவின் மூக்கில் எதையோ வைத்து உறிஞ்சினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாயில் வைத்தால் பார்ப்பார்கள். அதனால் முதல் நாளே மூக்குதான் என்று முடிவு செய்துவிட்டார். ஒன்பது வருஷம். தினமும் ஒழுங்காக உபயோகித்திருக்கிறார். எங்கே என்று ஏழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

“லுங், இந்த மருந்து நெஞ்சுக்குப் போகணும்.”

“மூக்கும் அங்கதான மோ போகுது?”

“போகுது. ஆனா மருந்து மூக்குலயே தங்கிடும். ஆத்துக்குள்ள வர வேண்டிய படகு கரையிலயே குந்திக்கிட்டா?”

அவர் யோசித்தார். தன் மூக்கு ஆசியாவிலேயே ஆரோக்கியமான மூக்காக இருக்க வேண்டும் என்றார்.

பழுப்பு நிற இன்ஹேலர் ஒன்றும் அட்டையில் எழுதியிருந்தது. குழாய்களின் வீக்கத்தை ஆற்றுவது அதுதான். காலையும் இரவும் போட வேண்டியது. அதைப் பற்றிக் கேட்டேன். அது ஒன்றும் செய்வதில்லை, மூக்குக்குக் காரம்கூட இல்லை என்றார் அவர். பிரிக்காத பெட்டிகள் இருபத்து மூன்று அலமாரியில் இருப்பதாகவும், இருபத்து நான்காவது அலமாரியின் குட்டைக் காலுக்கு அடியில் இருப்பதாகவும் பா சம்லி சொன்னார்.

ஊதிப் பார்க்கும் குழலைக் கொடுத்தேன். உள்ளே ஒரு சிவப்பு முள் இருக்கும். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வெடியாக ஊத வேண்டும். அவருடைய உயரத்துக்கும் வயதுக்கும் நானூற்று எழுபது வர வேண்டும். முந்நூற்று எண்பதுக்கு மேல் இருந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

இருநூற்று முப்பது.

முள் சரியில்லை என்றார். இரண்டாவது தடவை இருநூற்று நாற்பது. மின்விசிறிக் காற்று எதிர்த்து வருகிறது என்றார். நிறுத்தினேன். இருநூற்று இருபது. இதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது என்று கேட்டார்.

குழல் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு என்றும், தன் மூச்சை அளக்கத் தன்னிடமே அளவு இருக்கிறது என்றும் சொன்னார். ஊர்ப் படகில் துடுப்புக்காரர்கள் முப்பது பேர். சுக்கான் ஒருவர். கொடிக்காரன் ஒருவன். முப்பத்திரண்டு பேரின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது அவருடைய ஆரம்பம். அதைக் கேட்டபிறகுதான் ஜனங்கள் குடையை மடக்குவார்கள்.

இழுத்துக்கொண்டு தொடங்கினார். பா சம்லி விரல் விட்டு எண்ணினார். பதினேழாவது பெயரில் நூல் அறுந்தது. பதினெட்டாமவன் பாதியில் நின்றான். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். அறைக்குள் விசில் நன்றாகவே கேட்டது.

“போன வருஷம் இருபத்திரண்டு” என்றார் பா சம்லி. “அதுக்கு மேல ஜனங்கள விட்டுக் கத்தச் சொல்லிட்டாரு. ஆரவாரம்னு நெனச்சாங்க.”

நான் படிவத்தில் ‘தள்ளி வைக்கவும்’ என்று எழுதினேன். அவர் அதைத் தலைகீழாகப் படித்தார்.

அதன்பின் அவர் பேசியது கேலி இல்லை. மூன்று வாரம் தள்ளினால், ஆறு வார ஓய்வும் போக, போட்டிக்கு ஒரு வாரம்தான் மிச்சம் இருக்கும். அதையும் தவறவிட்டால் டாக்டர் வசினின் அடுத்த இடம் அக்டோபர் கடைசியில். அதற்குள் முதல் மைக்கில் கிட்டி வாத்தியார் இருப்பார். ஒருமுறை உட்கார்ந்தவரை எழுப்புவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. தன்னையும் யாரும் எழுப்பியதில்லை என்பதால் அது அவருக்கு நன்றாகத் தெரியும். முதுகில்தானே ஊசி போடப் போகிறீர்கள், தொண்டைக்குள் குழாய் விடப் போவதில்லையே, பிறகு நெஞ்சு எப்படி இருந்தால் என்ன என்று கேட்டார்.

நல்ல கேள்வி. முதுகில் ஊசிதான் போடுவோம், இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும் என்று சொன்னேன். ஆனால் சில சமயம் ஊசி பலிக்காது. பாதியில் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும். அப்போது குழாய் உள்ளே போகும். கோபமாக இருக்கும் நெஞ்சுக்குள் குழாய் போனால் அது கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே நின்று நான் தட்டினாலும் திறக்காது.

“ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல மணல் தெரியுதுன்னு போட்டிய நிறுத்தினது யாரு லுங்?”

தான்தான் என்று தலையாட்டினார்.

“படகு நல்ல படகுதான். தண்ணி ஏறட்டும்.”

“மூணு வாரத்துல ஏறுமா?”

“ஏத்தணும்.”

தண்ணீர் பாட்டில் ஒன்றின் அடிப்பக்கத்தில் இன்ஹேலர் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். இன்ஹேலரை அதில் செருக வேண்டும். பாட்டிலின் வாயைத் தன் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு அழுத்து. மெதுவாக இழுப்பது. பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குவது. பழுப்பு காலை இரண்டு, இரவு இரண்டு; பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். கடைசி ஐந்து நாளுக்கு டாக்டர் வசின் மாத்திரை எழுதினார். ஊதும் குழலை வீட்டுக்குக் கொடுத்து, தினமும் காலையில் எண்ணைக் குறித்துவரச் சொன்னேன்.

அவர் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைச் சட்டைப் பையில் வைக்க முடியாதே என்றார்.

வெளியே சரூன் சக்கர நாற்காலியோடு காத்திருந்தான். லுங் அதைப் பார்க்காததுபோல் நிமிர்ந்து நடந்தார். பாட்டில் பா சம்லியின் பையில் போனது.

முதல் புதன்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வியாழன் முந்நூறு. வெள்ளி முந்நூற்று நாற்பது. அப்படியே ஏறிப் புதனன்று நானூற்று ஐம்பத்தைந்து. பின்னாலிருந்து வந்து கடைசியில் முந்தும் படகின் கதை அது. படிக்க நன்றாக இருந்தது.

ஊதச் சொன்னேன். இருநூற்று எழுபது.

“வாரத்துக்கு உள்ளதத் வியாழக்கிழமையே எழுதி முடிச்சிட்டாரு” என்றார் பா சம்லி.

வர்ணனை என்றால் கொஞ்சம் முன்கூட்டியே பார்க்கத் தெரிய வேண்டும் என்றார் லுங்.

நோட்டு பா சம்லியின் கைக்கு மாறியது. அவருடைய எழுத்தில் எண்கள் குட்டையாகவும் உண்மையாகவும் இருந்தன. பக்கத்தில் சில குறிப்புகளும் இருந்தன. ‘இரவு ஒரு தடவை எழுந்தார்.’ ‘வாழைத் தோப்புக்குப் பின்னால் போய்ப் போட்டார்.’ ‘பால்காரன் பார்த்துவிட்டான், தண்ணீர் குடிப்பதாகச் சொன்னார்.’ ‘காலி பாட்டிலில் எப்படி என்று பால்காரன் கேட்டான்.’

இரண்டாவது புதன்கிழமை முந்நூற்று இருபது. பெயர்கள் இருபத்தாறு. குறிப்பில், ‘இரவு எழவில்லை. கோழிகளுக்கு ஏக்கம்’ என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது லுங் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு இருமல் வரவில்லை. அதை அவரும் கவனித்தார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

மூன்றாவது புதன்கிழமை மழை. அவர் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு எழுந்து நின்றார். கீதம் முடிந்தது. நான் கதவருகே நின்று கேட்டேன். கூரையில் மழைதான் கேட்டது.

உள்ளே வந்து ஊதினார். முந்நூற்று எழுபது.

திரும்ப ஊதினார். முந்நூற்று எழுபது.

மூன்றாவது தடவையும் அதே.

அவர் இந்த முறை முள்ளைக் குறை சொல்லவில்லை. மின்விசிறியைக் குறை சொல்லவில்லை. குழலை மேசையில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். பா சம்லி நோட்டை மூடினார்.

“பத்துதான மோ” என்றார் அவர்.

“பத்துதான்.”

“கொடி ஒரு விரக்கடையில கைவிட்டுப் போகும். நான் பாத்திருக்கேன். அதுக்காக யாரும் ரெண்டாவது கொடி நடறதில்ல.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் அடியில், ரொம்பக் கூர்ந்து கேட்டால், ஒரு சின்ன இழுப்பு. பாட்டிலைக் கேட்டேன். பா சம்லி எடுத்துக் கொடுத்தார். நீல இன்ஹேலரை அதில் செருகி அவர் கையில் கொடுத்தேன். இங்கேயா என்று கேட்டார். கதவைப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. வாயில் வைத்து இரண்டு தடவை ஒழுங்காகப் போட்டார். பத்து வரை நான் எண்ணினேன்.

கால் மணி நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பா சம்லி வாழைப்பழம் கொடுத்தார். நான் தின்றேன். அவர் தின்னவில்லை.

பிறகு ஊதினார். நானூற்றுப் பத்து.

அவர் முள்ளைப் பார்த்தார். குழலைத் தட்டினார். முள் அங்கேயே நின்றது. நான் கேட்காமலேயே எழுந்து, மூச்சை இழுத்து, பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பதினேழைத் தாண்டினார். இருபத்தாறைத் தாண்டினார். பா சம்லிக்கு விரல் போதவில்லை. என் கையைப் பிடித்து எண்ணினார். சுக்கான்காரர் முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது பெயர் சரூன். அதற்கு மட்டும் கொஞ்சம் காற்று குறைந்து, பாதிப் பெயர்தான் வந்தது.

“அவன் பாதி ஆளுதான்” என்றார் லுங், மூச்சு வாங்கிக்கொண்டு.

டாக்டர் வசினைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் கேட்டுப் பார்த்தார். சரி என்றார். ஒரு நிபந்தனையோடு நான் கையெழுத்துப் போட்டேன். நாளைக் காலை ஊசிக்கு இருபது நிமிடம் முன்னால், அறுவைக்கூட வாசலில், இதே பாட்டில், இதே இரண்டு அழுத்து. வாயில்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது.

“வாசல்வரைக்கும் தள்ளிட்டு வர்றது யாரு?”

“சரூன்தான்.”

“வேற ஆளு?”

“வேற ஆளுக்கு இடுப்பு வலி லுங். லீவு.”

வார்டிலேயே போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். வார்டில் அவர் மறந்துவிடுவார் என்றும், மறக்காவிட்டால் மூக்கில் போடுவார் என்றும் பா சம்லி சொன்னார். அவர் மறுக்கவில்லை. மருந்து உள்ளே போவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் பிடிக்கும் கை எது, வயிறு பிடிக்கும் கை எது என்று தேடுவதைப் போல. கடைசியில் தலையாட்டினார். கிட்டி வாத்தியாருக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. சரூன் தள்ளுவண்டியை அறுவைக்கூட வாசலில், சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினான். லுங் தவின் பச்சைத் தொப்பியோடு படுத்திருந்தார். மீசையை மட்டும் சீவியிருந்தார். முந்தின இரவு தூங்கினாரா என்று கேட்டேன். நன்றாக என்றார். நாடித்துடிப்பு பார்த்தேன். நெஞ்சு கேட்டேன். இடது அடியில் அந்தச் சின்ன இழுப்பு, அவ்வளவுதான்.

பாட்டிலை எடுத்தேன்.

அவர் என் கையை மெல்லத் தொட்டு, சரூனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் அனுப்ப முடியுமா என்று கிசுகிசுத்தார். வண்டியின் பிரேக் வேலை செய்யவில்லை, யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அது உண்மை. மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. சரூன் தலைமாட்டில் இரண்டு கைகளாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லுங் தவின் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு பாட்டிலை வாங்கி வாயில் வைத்தார். நான் அழுத்தினேன். அவர் மெதுவாக இழுத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்து வந்ததும் பாட்டிலை எடுத்தார். மூச்சை விட்டார்.

“வெளிய சொல்லிட்டுத் திரியாதடா” என்றார், மேலே பார்த்து.

“எத லுங்?”

“இத.”

சரூன் குனிந்தான். இப்போது லுங்கின் முகத்துக்கு நேராகத் தலைகீழாக அவன் முகம் இருந்தது.

“எல்லாருக்கும் தெரியும் லுங்.”

“யாரு சொன்னது?”

“உங்க மைக்குதான்.”

லுங் தவின் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது. போட்டி நாட்களில் நான் எப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருப்பேன். எங்களுக்குக் கிடைப்பது தூரத்து ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும். இரண்டாவது அழுத்துக்கு நேரமாகியிருந்தது. பாட்டிலை அவர் வாயில் வைத்தேன். அழுத்தினேன். அவர் இழுத்தார். கண்கள் சரூனின் மேலேயே இருந்தன. ஒன்று. இரண்டு.

மூச்சை விட்டுவிடாதீர்கள் என்று சைகை காட்டினேன். மூன்று. நான்கு.

“கொடிக்குக் கைய நீட்டுறப்ப கண்ணு பூரா தண்ணி லுங், ஒண்ணும் தெரியாது” என்றான் சரூன். “மைக்குல உங்க நெஞ்சு விசில் அடிச்சாத்தான் பக்கத்துப் படகு ஒட்டிக்கிட்டு வருதுன்னு தெரிஞ்சுக்குவேன். கரையிலயும் அதக் கேட்டுத்தான் எந்திரிச்சு நிப்பாங்க.”

ஐந்து. ஆறு.

“இப்ப இந்த மோ அத நிறுத்திட்டாங்கன்னா, நான் எப்பத்தான் லுங் கொடிக்குத் தாவுறது?”